தராசும் சரக்கும்

ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் போடுகிறேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. "அங்கே கார் அல்லவா செய்கிறார்கள்!" என்றார் சென்னை நண்பர் ஒருவர். அவர் சொன்னதில் தவறில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் முதல் கார் உருண்டு வந்ததிலிருந்து, இந்த வட்டாரத்தில் செய்யாத சாமான் இல்லை என்றாகிவிட்டது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி எல்லாம் இங்கே பிறந்து தேசம் தேசமாகப் போகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பார்த்தால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தூக்கம் கலையாத முகங்களை ஏற்றிக்கொண்டு போகும். அவையே திரும்பி வரும்போது, தூங்காத முகங்களை இறக்கிவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் நடுவில் என் தொழிற்சாலை, ஒரு மளிகைக் கடைக்கு மேலே உள்ள வாடகை அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் விற்காத புத்தகக் கட்டுகள். எழுத்துக் கோப்பது நான். புரூஃப் திருத்துவது நான். பார்சல் கட்டித் தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் நான்தான். அச்சும் பைண்டிங்கும் மட்டும் சென்னையில். வருஷத்துக்கு ஒரு புத்தகம். கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் இரண்டு. ஒவ்வொன்றும் 300 பிரதி. அச்சுக்கூலி, காகிதம் எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகத்துக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய் ஆகிறது. கடைக்காரருக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது கழிவு போக, மிச்சம் எப்போது வரும் என்பது அவருக்கும் எனக்கும் இடையில் உள்ள தத்துவ விசாரம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி வந்தால், யாராவது தெரிந்த பதிப்பாளரின் கடையில் ஒரு மூலை கேட்டு வாங்கிக்கொள்வேன். மற்ற நேரத்தில் நாவல் எழுதுகிறேன். மற்ற நேரம் என்று ஒன்று இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

நண்பர் சிரித்து முடித்துவிட்டு இரண்டாவது கேள்வியைப் போட்டார். இது எல்லாரும் கேட்கிற கேள்வி. "எழுத்தாளனுக்கு வியாபாரம் எதற்கு ஐயா? சரஸ்வதி இருக்கும் இடத்தில் லட்சுமி இருக்கமாட்டாள் என்று பெரியவர்கள் தெரியாமலா சொன்னார்கள்?"

லட்சுமி என் அறைக்குப் படி ஏறி வந்தால் அடையாளம் தெரியாமல், "யாரம்மா வேணும்?" என்று கேட்டுவிடுவேன் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். ஆனால் இந்தக் கேள்வியை இத்தனை பேர் கேட்கிறார்களே, இதில் உள்ள தர்மசங்கடம் என்ன என்று யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.

சி. சு. செல்லப்பாவை வாசகர்கள் அறிவார்கள். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்கள் நடத்தியவர். 'எழுத்து பிரசுரம்' என்ற பெயரில் புத்தகங்களும் போட்டார். 1962-இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்துப் 'புதுக்குரல்கள்' கொண்டுவந்தார். ந. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து'வும் அதே வருஷம்தான். புதுக்கவிதை என்றாலே பண்டிதர்கள் முகம் சுளித்த காலம் அது. கடைகளை நம்பிப் பிழைக்க முடியாது. செல்லப்பா புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். வீட்டு அம்மாளின் நகைகள் பத்திரிகைக்குப் போயின என்றும் சொல்வார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அந்த மூட்டையோடு நின்றுவிடுகிறார்கள். "பாவம், எப்பேர்ப்பட்ட மனிதர், மூட்டை தூக்கினாரே!" எனக்கு இந்தப் 'பாவம்' பிடிப்பதில்லை. நெல்லை விளைத்தவன் நெல் மூட்டையைத் தூக்கினால் யாராவது உச்சுக் கொட்டுகிறார்களா? புத்தகத்தை எழுதலாம், அச்சுக் கோக்கலாம், அதைத் தெருவுக்குக் கொண்டுபோவது மட்டும் அவமானம் என்பது, சமையல் செய்யலாம் ஆனால் பரிமாறக்கூடாது என்பது போல இருக்கிறது. பாரதி இதில் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. 1920-இல் கடையத்தில் இருந்தபோது, தம்முடைய எழுத்துக்களை எல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி போட்டு விற்கப்போவதாகத் திட்டமிட்டார். பணம் திரட்ட நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விடச் சுலபமாக அவை விலைபோகும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் அவரே போய்விட்டார். கணக்கில் பிசகு இருந்திருக்கலாம்; ஆசையில் பிசகு இல்லை. என் 300 பிரதியைப் பார்சல் கட்டும்போதெல்லாம் அந்த 10,000 என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிக்கிற மாதிரி இருக்கும்.

ஆகவே விற்பதில் பாவம் இல்லை. எழுதுகிறவன் பிரசுரகர்த்தனாகவும் இருப்பதில் உள்ள பாவம் வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று எனக்குப் போன வருஷம் வரை தெரியாது. தெரிந்தது என் மேஜை இழுப்பறைக்குள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் படி ஏறி வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கம் சொந்த ஊர். இங்கே ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. கையில் மூன்று நோட்டுப் புத்தகங்கள்.

"சார், கதை எழுதியிருக்கேன். நீங்க புக்கு போடுவீங்கன்னு பஸ்ஸிலே ஒருத்தர் சொன்னார்."

"வெச்சுட்டுப் போம்மா. படிச்சுச் சொல்றேன்" என்றேன். உலகம் முழுவதும் பிரசுரகர்த்தர்கள் சொல்கிற அதே வாக்கியம்.

அப்போது என் நிலைமையைச் சொல்லவேண்டும். ஐந்து வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிற்சாலைச் சாலையைப் பற்றித்தான். 2006-இல் உற்பத்தி தொடங்கி 2014-இல் நின்றுபோன நோக்கியா தொழிற்சாலையின் காலம்தான் என் நாவலின் காலம். நிலம் விற்றவர்கள், அந்தப் பணத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள், அந்த வீடுகளுக்குத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய பிள்ளைகள் என்று நானூறு பக்கம் ஓடியிருந்தது. இந்த வட்டாரத்தைப் பற்றிய முதல் நல்ல கதைப் புத்தகம் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு உள்ளுக்குள் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட. அந்த வருஷம் கையில் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் பணம். அது என் நாவலுக்கு என்று ஒதுக்கியாயிற்று.

அன்று ராத்திரி முதல் நோட்டைப் பிரித்தேன். முதல் கதையில் மூன்று பெண்கள் ஒரு வீட்டில் குடியிருக்கிறார்கள். மூவருக்கும் மூன்று ஷிப்ட். மூவருக்கும் சேர்த்து ஒரே பாய். ஒருத்தி எழுந்து போனதும் மற்றவள் வந்து படுப்பாள். பாயின் சூடு ஆறுவதே இல்லை. ஒருத்தியை ஒருத்தி சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மிகவும் பிரியமாக இருக்கிறார்கள். ஒருத்தி தலைவலித் தைலம் வைத்துவிட்டுப் போவாள். இன்னொருத்தி கொடியில் கிடக்கும் துணியை மடித்து வைத்துவிட்டுப் போவாள். ஒரு பண்டிகைக்குக் கம்பெனி லீவு விடுகிறது. முதல் தடவையாக மூவரும் ஒரே ராத்திரி வீட்டில் இருக்கிறார்கள். பாயில் யார் படுப்பது என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசி முடிக்கிறபோதுதான், தங்களுக்கு ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

கதை அவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டு, "அடடா!" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த 'அடடா' நிஜமானது. அதில் கலப்படம் இல்லை. ஆனால் அதற்குப் பத்து நிமிஷம் பிற்பாடு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது, என் நானூறு பக்கத்திலும் அந்தப் பாய் இல்லையே என்ற நினைப்பு வந்தது. பிறகு தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் காரணங்கள் வர ஆரம்பித்தன. எழுத்துப் பிழைகள் நிறைய. சிறுகதைத் தொகுதி எங்கே விற்கிறது? இவளுக்கு வயசு இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் எழுதிப் பக்குவப்பட்டால் நல்லது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இவற்றில் ஒன்றும் பொய் இல்லை. பொய் ஒன்றாவது இருந்திருந்தால் நான் அங்கேயே பிடிபட்டிருப்பேன்.

ஒரு மாசம் கழித்து வந்தாள். மூன்றாம் மாசமும் வந்தாள்.

"படிச்சீங்களா சார்?"

"பாதி படிச்சிருக்கேம்மா."

மூன்று நோட்டையும் இரண்டு தடவை படித்து முடித்திருந்தேன்.

ஊர் ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோவில் என் அறையிலிருந்து நடக்கிற தூரம். அவர் கதையில் எல்லாருக்கும் பிடித்த இடம் திருக்கோஷ்டியூர்க் கோபுரம். குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை, தான் நரகத்துக்குப் போனாலும் போகட்டும் என்று மேலே ஏறி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார் என்பது ஐதிகம். பிரசுரம் என்றால் அதுவல்லவா பிரசுரம்! புத்தகம் போடத் தொடங்கிய புதிதில் நான்கூட ஒரு கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மூன்றாம் மாசம் எனக்கு நினைவுக்கு வந்தது கோபுரம் அல்ல. ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டுத் தடவை நடந்தார், பதினேழு தடவை நம்பி அவரைத் திருப்பி அனுப்பினார் என்ற பகுதிதான். நம்பிக்குக் காரணம் இருந்தது. சீடனின் பக்குவத்தைச் சோதித்தார். கைப்பிரதியைத் திருப்பி அனுப்புகிற ஒவ்வொருவரும் அந்த நம்பியின் நாற்காலியில்தான் உட்கார்ந்துகொள்கிறோம். ஆனால் நம்பி தமக்குச் சொந்தமாக ஒரு போட்டி மந்திரம் எழுதி இழுப்பறையில் வைத்திருக்கவில்லை.

சந்தையில் தராசு பிடிக்கிறவன் தானும் சரக்கு வைத்திருந்தால் என்ன ஆகும்? எடைக்கல்லில் மோசம் செய்யவேண்டும் என்றுகூட இல்லை. அடுத்தவன் மூட்டையை, "கொஞ்சம் பொறு, உனக்கு அப்புறம்" என்று ஓரமாக நகர்த்தி வைத்தால் போதும். சாயங்காலத்துக்குள் சந்தை கலைந்துவிடும்.

இப்படி ஒரு இக்கட்டில் இன்னொருவரும் இருந்திருக்கிறார். இங்கிலாந்தில் வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவர் லியோனார்டும் 1917-இல் ஒரு சின்னக் கை அச்சு யந்திரத்தை 19 பவுன் 5 ஷில்லிங் 5 பென்சுக்கு வாங்கி, தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். வீட்டின் பெயரையே வைத்து 'ஹோகார்த் பிரஸ்' என்றார்கள். மறு வருஷம் காதரின் மான்ஸ்ஃபீல்டின் 'பிரெலூட்' என்ற நீண்ட கதையை அதன் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். 300 பிரதி. (இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வாசகர்கள் மன்னிக்கவேண்டும்.) அதில் பெரும்பகுதியை வர்ஜீனியாவே தம் கையால் அச்சுக் கோத்தார். மான்ஸ்ஃபீல்ட் 1923 ஜனவரியில் இறந்துபோனார். அப்போது வர்ஜீனியா தம் டயரியில், தாம் பொறாமைப்பட்ட எழுத்து என்று உண்டானால் அது அவளுடையது ஒன்றுதான் என்று எழுதிவைத்தார்.

இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஈய எழுத்தைக் கோப்பது என்றால் வேடிக்கை இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாக வரிசைப்படுத்தி, ஒரு வரி நிரம்பியதும் அடுத்த வரி. பொறாமைப்படுகிற ஒரு கதையை அப்படி விரலால் தொட்டுத் தொட்டுக் கோக்கிறவருக்கு, அது எங்கெங்கே தம்முடையதை விட நன்றாக இருக்கிறது என்பது எழுத்துக்கு எழுத்துத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் பொறாமை குறைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விரல் நிற்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். அதே அச்சகம் 1922-இல் வர்ஜீனியாவின் 'ஜேக்கப்ஸ் ரூம்' நாவலையும் வெளியிட்டது. அதற்குப் பிறகு அவர் நாவல்கள் எல்லாம் சொந்த அச்சகத்தின் வெளியீடுதான். தன் புத்தகத்தைத் தானே போட்டுக்கொள்வது தற்பெருமை என்று அவரை யாரும் குறை சொல்வதாகத் தெரியவில்லை.

செல்லப்பாவும் தம் புத்தகத்தைப் போடாமல் இருந்துவிடவில்லை. ஜல்லிக்கட்டை வைத்து அவர் எழுதிய 'வாடிவாசல்' 1959-இல் எழுத்து பிரசுரமாகத்தான் வந்தது. அதே சமயம், அந்தப் பத்திரிகைப் பக்கங்களில் அவரோடு ஒத்துப்போகாதவர்களுக்கும் இடம் இருந்தது. விமர்சனம் எப்படிச் செய்யவேண்டும் என்பதில் அவருக்கும் க. நா. சு.வுக்கும் ஏழாம் பொருத்தம், இருந்தாலும் க. நா. சு. 'எழுத்'தில் எழுதினார். பிற்பாடுதான் 1963-இல் தனியாக 'இலக்கிய வட்டம்' தொடங்கினார். செல்லப்பாவின் மனசுக்குள் பொறாமை எட்டிப் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. மனிதராகப் பிறந்தவருக்கு அது இல்லாமல் இருந்திருக்கும் என்று சொல்லத் துணியமாட்டேன். அவருடைய பெரிய நாவலான 'சுதந்திர தாகம்' மூன்று பாகமாக 1997-இல், அவருடைய எண்பத்தைந்தாவது வயசில், அவருடைய சொந்த வெளியீடாக வந்தது. மறு வருஷம் டிசம்பரில் காலமானார். சாகித்திய அகாதெமி பரிசு 2001-இல் அந்தப் புத்தகத்தைத் தேடி வந்தபோது வாங்க ஆள் இல்லை.

அதைச் சொல்லி ஒரு விமர்சக நண்பர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "அந்தப் பன்னிரண்டு வருஷம் ஊரான் கவிதைக்கு புரூஃப் பார்க்காமல் இருந்திருந்தால், இன்னும் மூன்று 'வாடிவாசல்' எழுதியிருப்பார். யாருக்கு லாபம்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். தியாகத்தை ஒரு சட்டமாக எழுதி வைப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. பிறருக்காக என் எழுத்தை விட்டேன் என்று மேடையில் சொல்லி மாலை வாங்கிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்ட முதலுக்கு வட்டி வசூலாகிக்கொண்டே இருக்கும். சொந்த நாவலின் பாத்திரங்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள்தான். அவர்களும் இழுப்பறையில் கிடந்து புழுங்குகிறார்கள்.

ஆனால் என் விஷயத்தில் இந்த வாதம் எல்லாம் எடுபடாது. நான் அந்த எட்டு மாசமும் நாவல் எழுதவில்லை. வேறொருத்தி எழுதியதைப் பூட்டி வைத்திருந்தேன். பூட்டி வைப்பதற்கே ஒருவனுக்கு எத்தனை நேரம் பிடிக்கிறது என்பது பூட்டி வைத்தவனுக்குத்தான் தெரியும்.

எட்டாம் மாசம் அவள் வந்தபோது தோளில் பை இருந்தது.

"நோட்டைக் குடுத்துடுங்க சார். காண்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு. ஊருக்குக் கிளம்பறேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் கடையில் கொடுத்து வைத்த குடையைத் திருப்பிக் கேட்கிற மாதிரி கேட்டாள். இழுப்பறையைத் திறந்தேன். மூன்று நோட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"போடறேம்மா, புஸ்தகமா. இந்த வருஷமே."

அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. "படிச்சு முடிச்சீங்களா?" என்றாள்.

"எப்பவோ முடிச்சுட்டேன். ரொம்ப நல்லா இருந்தது. அதனாலேதான் லேட்டாயிடுச்சு."

"நல்லா இருந்தா எதுக்கு சார் லேட்டு?"

கீழே மளிகைக் கடைப் பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ வாங்கிவரச் சொன்னேன். டீ வந்தது, குடித்தோம். அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவள் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

நாவலுக்கு ஒதுக்கிய பணம் அந்தத் தொகுதிக்குப் போயிற்று. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து என் நாவலை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தபோது, பதினாலாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி வந்தது. ஷிப்ட் மாறி வருகிற இரண்டு பெண்கள் ஒரே போர்வையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். போர்வையில் முந்தினவளின் எண்ணெய் வாசனை. நன்றாக வந்திருக்கிறதே என்று முதலில் பெருமையாக இருந்தது. பிறகு வயிற்றில் ஏதோ செய்தது. இதை எப்போது எழுதினேன்? அவள் நோட்டு வருவதற்கு முன்னாலா, பின்னாலா? சத்தியமாக எனக்கு நினைவில்லை. என் சொந்தக் கற்பனை என்றுதான் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் பழைய பிரதிகளைத் தேடிப் பார்த்தேன். முந்தின வருஷத்துப் பிரதியில் போர்வை இல்லை. அவள் இரண்டாவது தடவை வந்து போன வாரத்துப் பிரதியில் இருக்கிறது.

திருட்டு என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. பாயைப் போர்வையாக்கி இருக்கிறேன். மூன்று பேரை இரண்டாக்கி இருக்கிறேன். பிறர் எழுதியதைப் படிக்காமல் யார்தான் எழுதுகிறார்கள்? ஆனால் அச்சேறிய புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதுவது வேறு. இழுப்பறையில் வைத்துப் பூட்டின நோட்டிலிருந்து எழுதுவது வேறு. காட்சியை அடித்துவிட்டேன். அந்த அத்தியாயம் இப்போது நொண்டுகிறது. வேறு எதை வைத்தும் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுக்கு புரூஃப் அனுப்பினேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தியதோடு நில்லாமல், என் வயசுக்கும் அனுபவத்துக்கும் ஏற்றபடி நாலு இடத்தில் கைவைத்திருந்தேன். 'ரூம்' என்று அவள் எழுதியதை எல்லாம் 'அறை' என்று மாற்றியிருந்தேன். ஊரிலிருந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சிவப்பு மசியில் ஒவ்வொரு 'அறை'யையும் அடித்து 'ரூம்' என்று எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், "எங்க ரூமை யாரும் அறைன்னு சொல்ல மாட்டாங்க சார்" என்று ஒரு வரி.

மொத்தம் 41 இடம். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும். நான் ஒவ்வொன்றாகத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் 26 பாக்கி இருக்கிறது.